ஒரே தளத்துக்கு 88-உம் 41-உம்: கற்பித்தல் இணையதளத்தின் பக்க அமைப்பை எப்படி மதிப்பிடுவது?

நீங்கள் பி.எட். மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறீர்கள். பள்ளிப் பாடங்களைக் கற்பிக்கும் ஓர் இணையதளத்தைக் கொடுத்து, கவர்ச்சி, நிறம், எழுத்து, ஒழுங்கு என்ற நான்கு தலைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் 25 வீதம் 100 மதிப்பெண்ணுக்கு அதன் காட்சி வடிவமைப்பை மதிப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவர் 88 போட்டார், பக்கத்து இருக்கைக்காரர் 41 போட்டார். இருவரில் யார் சரி என்று கேட்கிறீர்கள். கேள்வியின் வடிவம் அதுவானாலும், நீங்கள் அறிய விரும்புவது வேறு என்று எடுத்துக்கொள்கிறேன். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பதைத் தாண்டி, இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வரும்படி ஒரு பாடப்பக்கத்தின் அமைப்பை மதிப்பிட முடியுமா என்பதே உங்கள் ஐயம். ஒரு பகுதியை முடியும், ஒரு பகுதியை முடியாது. உங்கள் படிவம் அவ்விரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியிருக்கிறது. 88-உம் 41-உம் அதிலிருந்து வந்தவை.

என்னைப் பற்றி இரண்டு வரி. அச்சுப் பாடநூல்களுக்கு லேஅவுட் செய்பவனாகத் தொடங்கினேன். பிறகு 14 ஆண்டுகளாகப் பள்ளிப் பாடங்களுக்கும் தொழிற்பயிற்சிக்குமான இணையப் பக்கங்களை மதிப்பிடுவதும் திருத்துவதும் என் வேலை. கற்றல் உளவியலில் ஆய்வுப் பட்டம் எனக்குக் கிடையாது. ஆகவே கருவியால் அளந்து சொல்லக்கூடியது எது, ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது எது, வெறும் என் கைப்பழக்கம் எது என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டியே எழுதுகிறேன்.

முதலில் ‘கவர்ச்சி’. சிக்கல் தொடங்குவது அங்கேதான். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்ட் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வலைப்பக்கத்தை 50 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் பார்த்தவர்கள் அதன் தோற்றத்துக்குத் தந்த மதிப்பீடு, கூடுதல் நேரம் பார்த்தபோது தந்த மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்துப்போனது. பக்கத்தில் உள்ள பாடத்தைப் படிக்க அந்த நேரம் எவ்வகையிலும் போதாது; ஆனாலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அதற்கும் முன்பு, 1995-இல், ஜப்பானில் குரோசுவும் காஷிமுராவும் பணம் வழங்கும் இயந்திரத்தின் திரைக்கு 26 விதமான அமைப்புகளைச் செய்து 252 பேரிடம் காட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தவற்றையே மக்கள் ‘பயன்படுத்த எளிதானவை’ என்றும் மதிப்பிட்டார்கள். உண்மையில் எளிதாக்கும் கூறுகள் அவற்றில் இருந்தனவா என்பது அந்த மதிப்பீட்டை அவ்வளவாக அசைக்கவில்லை. உங்கள் படிவத்தில் நடப்பதும் இதுவே. கவர்ச்சிக்கு 22 போட்ட கை, எழுத்துக்கும் ஒழுங்குக்கும் தானாகவே 20-க்கு மேல் போட்டுவிடும். நான்கு தலைப்புகளில் மதிப்பெண் வாங்கினாலும் நீங்கள் வாங்கியிருப்பது ஒரே கருத்தின் நான்கு படிகளைத்தான். நான் செய்வது என்னவென்றால், பக்கத்தைத் திறந்த முதல் நிமிடத்திலேயே ‘பிடித்ததா’ என்பதற்கு ஒரு வரியும் ஓர் எண்ணும் எழுதவைத்து, அந்தத் தாளை மடித்து வாங்கிவைத்துக்கொள்வேன். உணர்ச்சி வெளியே வந்துவிட்டால் அடுத்த கேள்விகளுக்குள் கசிவது சற்றுக் குறைகிறது. மதிப்பெண்ணாகவே வேண்டுமென்றால் அதற்கு 100-இல் 5-க்கு மேல் நான் ஒதுக்கமாட்டேன்.

‘இந்தத் தளம் எப்படி இருக்கிறது’ என்று கேட்பதே இரண்டாவது குறை. கடையின் முகப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதைப் போன்றது அது. கற்பிக்கும் பக்கத்தை மதிப்பிட மூன்றைத் தீர்மானித்துக்கொண்டு உட்கார வேண்டும்: யார் படிக்கப்போகிறார், எந்தப் பாடம், படித்து முடித்ததும் அவரால் என்ன செய்ய முடிய வேண்டும். உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மனித இதயத்தின் அமைப்பைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முடித்ததும் உடலிலிருந்து வரும் இரத்தம் எந்த அறைக்குள் நுழைந்து, எந்த வால்வைக் கடந்து, நுரையீரலுக்குப் போய்த் திரும்பி, எங்கிருந்து மறுபடி உடலுக்குப் போகிறது என்பதை வெற்றுப் படத்தில் அவள் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். இப்போது பக்க அமைப்பைப் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உரைகல் கிடைத்துவிடுகிறது. நிறம் நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. அந்தச் சிறுமியின் கண்ணை நிறம் இரத்தம் போகும் வழியில் கூட்டிச்செல்கிறதா, வேறெங்கோ இழுக்கிறதா என்று கேட்கலாம்.

அந்த இதயப் பக்கத்தையே தொடர்ந்து பார்ப்போம், ஏனெனில் பாடப்பக்கங்களின் மிகப் பரவலான பிழை அதில்தான் எடுப்பாகத் தெரியும். படத்தில் 1 முதல் 12 வரை எண்கள். படத்துக்குக் கீழே ‘1. வலது ஏட்ரியம், 2. வலது வென்ட்ரிக்கிள்’ என்று ஒரு பட்டியல். அச்சுப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன, கண் மேலும் கீழும் தாவினால் போதும். அதையே கைப்பேசியில் திறந்தால் படம் ஒரு திரையையும் பட்டியல் அடுத்த திரையையும் நிரப்பும். 7 என்ன என்று பார்க்கக் கீழே தள்ளி, படித்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வந்து, 7 எங்கே இருந்தது என்று மறுபடி தேட வேண்டும். கவனம் இப்படிப் பிளவுபடுவதால் கற்றல் குறைகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் பால் சாண்ட்லரும் ஜான் ஸ்வெல்லரும் 1990-களின் தொடக்கத்தில் சோதனைகள் மூலம் காட்டினார்கள். படத்தையும் அதற்குரிய சொல்லையும் அருகருகே வைத்தால் மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ரிச்சர்டு மேயரும் அவரோடு பணியாற்றியவர்களும் பல பாடங்களில் சோதித்துச் சொன்னார்கள். காட்சி வடிவமைப்புப் பற்றிய ஆய்வுகளில் நான் தயக்கமின்றி நம்பிப் பயன்படுத்தும் முடிவு இதுவே. எனவே படிவத்தின் முதல் கேள்வியாக இதை வையுங்கள்: ‘விளக்கமும் விளக்கப்படும் பொருளும் மாணவர் பயன்படுத்தும் திரையில் ஒரே சமயத்தில் தெரிகின்றனவா?’ இதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள்தான். 88-காரரும் 41-காரரும் இதில் முரண்பட மாட்டார்கள்.

அடுத்தது அலங்காரம். மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் பாடத்தில், சுவையான ஆனால் அந்த விளக்கத்தோடு தொடர்பில்லாத செய்திகளையும் படங்களையும் சேர்த்துக் கொடுத்தபோது மாணவர்கள் முக்கியமான கருத்துகளைக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள், கற்றதை வைத்துப் புதிய கேள்விகளுக்கு விடை காண்பதிலும் பின்தங்கினார்கள் என்று ஹார்ப்பும் மேயரும் 1998-இல் எழுதினார்கள். என் அனுபவத்தில் இதற்கு ஓர் ஆந்தை உண்டு. நான் மதிப்பிட்ட ஒரு தளத்தில் எல்லாப் பக்கங்களின் வலது மூலையிலும் கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்று ஓயாமல் சிறகசைத்துக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூவரைத் தனித்தனியே உட்காரவைத்துப் பாடத்தைப் படிக்கச் சொல்லி, மூடிவிட்டு ‘என்ன பார்த்தாய்’ என்று கேட்டேன். மூவரும் முதலில் சொன்னது ஆந்தையைத்தான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் ஆந்தையை எடுக்கச் சொல்ல அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்காக அலங்காரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறு பிள்ளைகளைப் பாடத்துக்குள் இழுக்க ஒரு நல்ல முகப்புப் படம் உதவும். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது அசையும் பொருள் எதுவும் பாடத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

இனி, கருவியால் அளக்கக்கூடியவை. இவற்றில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை என்பதால் உங்கள் மாணவர்களை இங்கிருந்து தொடங்கவைப்பது நல்லது. இணையத்துக்கான பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இருக்க வேண்டிய வெளிச்ச வேறுபாடு ஒரு விகிதமாகத் தரப்பட்டிருக்கிறது: சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1. அதற்கு மேல் கிடையாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எந்தச் சோதிப்பானிலும் இரண்டு நிற எண்களைக் கொடுத்தால் விகிதம் வந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் தேறிவிடும், அதைவிட ஒரு படி வெளிறிய #777777 தேறாது. நாகரிகம் என்று கருதி வடிவமைப்பாளர்கள் ஆசைப்பட்டுப் பயன்படுத்தும் #999999 மூன்றையே எட்டுவதில்லை. ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. முக்கியமானதைச் சிவப்பில் எழுதுவது நம் கைப்பழக்கம், ஆனால் கலப்பில்லாத சிவப்பு வெள்ளையின்மேல் ஏறத்தாழ 4-க்கு 1 என்ற அளவில்தான் நிற்கிறது. அழுத்தம் கொடுக்க நினைத்த வரியே பக்கத்தில் மங்கலான வரியாகிவிடுகிறது. சற்று இருண்ட சிவப்பை எடுத்தால் தீர்ந்தது.

அதே நெறிமுறைகளில், நிறத்தை மட்டுமே நம்பிப் பொருளை உணர்த்தக் கூடாது என்பதும் உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் ஏதோ ஓர் அளவு குறை இருக்கிறது. பிற மக்களிடம் விகிதம் குறைவானாலும் ஒரு பெரிய வகுப்பில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. வினாடிவினாவில் சரியான விடை பச்சைப் பெட்டி, தவறான விடை சிவப்புப் பெட்டி என்று மட்டும் காட்டினால் அந்த மாணவனுக்கு இரண்டு பெட்டிகளும் ஒன்றே. ஒரு டிக் குறி, ஒரு பெருக்கல் குறி சேர்த்தால் போதும். சோதிக்க எளிய வழி, பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பது. இதயப் படத்தில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்த இரத்தம் நீலம் என்ற வழக்கமும் அப்போது எந்த அளவுக்குத் தாங்குகிறது என்று தெரியும். அகலத்தைப் பொறுத்தவரை, 320 பிக்சல் அகலத் திரையில் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும் என்பது 2018-இல் வந்த 2.1 பதிப்பின் விதி. தொடும் பொத்தான் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பின் விதி. பிந்தையது குறைந்தபட்சம்தான், சிறுவர்களுக்கான தளத்தில் அது போதும் என்று நான் எழுதித்தர மாட்டேன்.

இந்த அளவுகளில் பல இலத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து உருவானவை என்பதால், தமிழ்ப் பாடப்பக்கத்தை மதிப்பிடும்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. எந்தப் படிவத்திலும் இவற்றை நான் போதிய அளவில் கண்டதில்லை, ஆகையால் இங்கே கொஞ்சம் தங்குகிறேன். ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று, சிறிய அளவில் அதையும் தடித்த எழுத்தில் போட்டால் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். ஆங்கிலப் பக்கத்துக்கு 14 பிக்சல் என்று வைத்த வடிவமைப்பில் தமிழை ஊற்றினால் நடப்பது இது. புள்ளி மங்கினால் ‘ர்’ என்பதும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துருக்களும் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைக்கு அது சிறு குறையன்று. தமிழில் மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல்வளைவும் ஏறுகின்றன, கீழே ‘கு’, ‘டு’, ‘ழு’ போன்றவற்றின் கோடுகள் இறங்குகின்றன. வரி இடைவெளி நெருங்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். இணைப்பு என்று காட்ட அடிக்கோடு போட்டால் அதே இறங்குகோடுகளை அது வெட்டிக்கொண்டு போகும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது, ஆகவே ஆங்கிலத் தளங்களில் தலைப்பை முழுவதும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டும் படிநிலை மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும். சாய்வெழுத்தும் அப்படித்தான்: பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் செய்த சாய்வு வடிவம் இல்லாததால் உலாவி எழுத்தை வெறுமனே சரித்துக் காட்டுகிறது, அது அழுத்தமாகத் தெரிவதில்லை, கோணலாகத் தெரிகிறது. இவையெல்லாம் யாரும் தம் கண்ணாலேயே சோதித்துக்கொள்ளக்கூடியவை.

வரியின் நீளத்தில்தான் உறுதியாகப் பேச முடியாத இடம் வருகிறது. நெறிமுறைகளின் மிக உயர்ந்த நிலை, ஒரு வரியில் 80 எழுத்துகளுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் எதை எழுத்து என்று எண்ணுவது? ‘கோ’ என்பது யூனிகோடில் இரண்டு குறியீடுகள், திரையில் மூன்று வடிவங்கள், படிப்பவருக்கு ஒரே எழுத்து. நம் சொற்களோ ஒட்டி ஒட்டி நீள்பவை. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல் கைப்பேசியில் முக்கால் வரியை எடுத்துக்கொள்ளும், இருபுறமும் சமன்செய்த பத்தியில் அதற்கு முந்தைய வரி ஓட்டை ஓட்டையாகப் பிளந்து நிற்கும். அதனால் இடப்பக்கம் மட்டும் சீராக வைத்த பத்தி, கணினித் திரையில் வரிக்கு எட்டு முதல் பத்துச் சொல், கைப்பேசியில் 18 பிக்சலுக்குக் குறையாத எழுத்து, எழுத்தின் அளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரி உயரம் என்று நான் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன். இது கைக்கணக்குதான், ஆய்வு முடிவன்று. எழுத்துருவுக்கு எழுத்துரு மாறவும் செய்யும். உங்கள் படிவத்தில் இதை விதியாக எழுதாமல், ‘இரண்டு பத்திகளைத் தொடர்ந்து படித்தபோது எத்தனை முறை வரி தவறியது’ என்று படிப்பவரிடமே கேட்டு எழுதுங்கள். வரியைக் குறுக்குவது எல்லாருக்கும் பிடிக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் கணினித் திரைக்கான தோற்றத்தை மாற்றி வரி அகலத்துக்கு எல்லை வைத்தபோது, பழைய அகலத்துக்குப் பழகியவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அகலத்தை மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானும் அங்கே இருக்கிறது. பழக்கம் வேறு, படிக்க எளிது வேறு. மதிப்பிடுபவர் தம்மிடம் பேசுவது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘ஒழுங்கு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரு கூட்டமாகப் பார்க்கும், ஒத்த தோற்றமுடையவற்றை ஒரே வகையாகக் கொள்ளும் என்று உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1923-இல் எழுதியது இன்றைக்கும் நிற்கிறது. ஓர் உள்தலைப்பு மேலிருக்கும் பத்திக்கு அருகிலும் தன் பத்திக்குத் தொலைவிலும் நின்றால், அது யாருடைய தலைப்பு என்று கண் குழம்பும். பக்கத்திலிருந்து நான்கடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். சொற்கள் கரைந்து கட்டங்கள் மட்டும் தெரியும். பாடத்தின் முக்கியக் கட்டமே அப்போது முதலில் தெரிந்தால் சரி. விளம்பரமோ ‘பதிவு செய்க’ பொத்தானோ முதலில் தெரிந்தால், அந்தப் பக்கம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

உங்கள் படிவத்திலும் இதுபோன்ற பல படிவங்களிலும் வரும், ஆனால் நான் மதிப்பெண் கொடுக்கத் துணியாத மூன்றைச் சொல்லிவிடுகிறேன். நீலம் அமைதி தரும், மஞ்சள் உற்சாகம் தரும் என்பன போன்றவை முதலாவது. இவை பண்பாட்டுக்கும் சூழலுக்கும் ஏற்ப மாறுபவை, ஒரு பாடப்பக்கத்தின் தரத்தை இவற்றால் அளக்கப் போதிய ஆதாரம் இல்லை. இரண்டாவது, ‘காட்சிவழிக் கற்போருக்கும் செவிவழிக் கற்போருக்கும் ஏற்றதாக உள்ளதா’ என்ற வரி. மாணவர்களை அப்படி வகை பிரித்து அவரவர் வகைக்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்கு உரிய சான்று இல்லை என்று உளவியலாளர் பாஷ்லரும் அவருடன் மூவரும் 2008-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். படமும் சொல்லும் சேர்ந்து எல்லாருக்கும் உதவுவது வேறு செய்தி. மூன்றாவது எஃப் வடிவம். படிப்பவரின் கண் வலைப்பக்கத்தில் ஆங்கில எஃப் எழுத்தைப் போல ஓடுகிறது என்று 2006-இல், இணையதளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் யாக்கோப் நீல்சன் காட்டியதை, பக்கத்தையே எஃப் வடிவில் அடுக்க வேண்டும் என்று பலர் பொருள் கொண்டுவிட்டார்கள். உள்தலைப்பும் பிரிப்பும் இல்லாத எழுத்துச் சுவரின் முன் அலுத்துப்போன கண்ணின் ஓட்டம் அது. அதைத் தவிர்க்கவே நாம் வடிவமைக்கிறோம்.

மதிப்பெண் கூட்டும் முறைக்கு வருகிறேன். கூட்டுத்தொகை கொலைக்குற்றத்தை மறைக்கும். நிறம் 24, கவர்ச்சி 23, ஒழுங்கு 22, எழுத்து 3 என்று வந்தால் மொத்தம் 72, முதல் வகுப்பு. ஆனால் எழுத்துக்கு 3 என்றால் அந்தப் பக்கத்தைப் படிக்கவே முடியாது. ஆகவே முதலில் தடைக்கேள்விகள் ஐந்தாறு வையுங்கள். வெளிச்ச வேறுபாடு, கைப்பேசி அகலம், படமும் விளக்கமும் ஒரே திரையில் இருப்பது, நிறத்தை மட்டும் நம்பாமை, அடுத்த படிக்கான பொத்தான் கண்ணில் படுவது. இவற்றில் ஒன்று தவறினாலும் தளம் திருத்தத்துக்குத் திரும்ப வேண்டும், மதிப்பெண் கிடையாது. தேறியவற்றில் காணும் குறைகளை மட்டும் நீல்சனின் 0 முதல் 4 வரையான கடுமை அளவில் எழுதுங்கள்: 0 என்றால் குறையே இல்லை, 4 என்றால் வெளியிடுமுன் கட்டாயம் சரிசெய்ய வேண்டியது. ஒவ்வொரு குறையோடும் அது எந்தப் பக்கத்தில், எந்தத் திரையில், மாணவரை என்ன செய்யவிடாமல் தடுத்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘நிறங்கள் கண்ணை உறுத்துகின்றன’ என்பது புலம்பல். ‘மூன்றாம் பாடத்தில் மஞ்சள் பெட்டிக்குள் இருந்த வெள்ளை வாய்பாட்டைப் படிக்க முடியாமல் மாணவி தாண்டிப் போனாள்’ என்பது மதிப்பீடு. இரண்டு பேர் கலந்து பேசாமல் தனித்தனியே செய்து, பிறகு ஒப்பிட வேண்டும். ஒப்புமையைக் கணக்கிட 1960-இல் ஜேக்கப் கோகன் தந்த கப்பா என்ற அளவு இருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுச் சொல்லும் அளவு அது. பி.எட். வகுப்புக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் இது ஒரு நல்ல சாக்கு.

அதன் பிறகு உண்மையான மாணவர்கள். ஐந்து பேரை உட்காரவைத்துக் கவனித்தால் ஏறத்தாழ 85 விழுக்காடு சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று நீல்சன் சொன்னது மிகப் பிரபலம். 2003-இல் லாரா ஃபாக்னர் 60 பேரைக் கொண்டு அதைச் சோதித்தார். அவர்களிலிருந்து ஐவர் ஐவராக எடுத்துப் பார்த்தபோது சில குழுக்கள் 99 விழுக்காடு சிக்கல்களைக் கண்டன, சில குழுக்கள் 55-ஐத்தான் கண்டன. ஐந்து பேர் தொடங்குவதற்குப் போதும்; இந்தத் தளத்தில் இனிக் குறையில்லை என்று சொல்வதற்குப் போதாது. அவர்களுக்கு நீங்கள் உதவக் கூடாது, ‘அந்தப் பொத்தானை அழுத்து’ என்று வாய் துடிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் மிகக் கடினம்.

இப்படி மதிப்பிட்டாலும் தெரியாமல் போகும் செய்திகள் உண்டு. பாடத்தில் உள்ளது சரியா என்பதை இது சொல்லாது. மிக அழகாக அமைந்த பக்கத்தில் தவறான வாய்பாடு இருக்கலாம். ஒரு மாதம் கழித்து மாணவருக்கு எது நினைவிருக்கும் என்பதையும் ஒரு மணிநேரச் சோதனை சொல்லாது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் கேட்டுப் படிக்கும்போது பக்கத்தின் அமைப்பு அவர்களுக்கு எப்படி வருகிறது என்பதை, கண்ணால் பார்த்துப் பழகிய என் போன்றவர் ஊகிக்கக் கூடாது. அவர்களிடம் கொடுத்தே பார்க்க வேண்டும். இன்னொன்று, தொடக்க நிலை மாணவருக்கு உதவும் படிப்படியான விளக்கமும் குறிப்புகளும் ஏற்கெனவே தெரிந்தவருக்கு இடைஞ்சலாக மாறுகின்றன என்பதை ஸ்வெல்லரோடு பணியாற்றிய கல்யூகாவும் பிறரும் காட்டியிருக்கிறார்கள். ஒரே பக்கம் ஒருவருக்கு நல்லதாகவும் மற்றவருக்குச் சுமையாகவும் இருக்கலாம், ஆகையால் படிவத்தின் தலையில் ‘எந்த மாணவர்’ என்ற வரி இல்லாத மதிப்பீட்டை நான் திருப்பியனுப்பிவிடுவேன்.

88 போட்டவரையும் 41 போட்டவரையும் அடுத்த வகுப்பில் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்தக் கருவியில், எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். இப்படிப்பட்ட இடைவெளி வந்தபோதெல்லாம் நான் விசாரித்ததில், பெரும்பாலும் ஒருவர் மடிக்கணினியில் முகப்புப் பக்கத்தைப் பார்த்திருப்பார், மற்றவர் கைப்பேசியில் உள்ளே நான்காவது பாடத்தைப் பார்த்திருப்பார். இருவரும் தாம் பார்த்ததைச் சரியாகவே மதிப்பிட்டிருப்பார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் என்றால் 41-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படிக்கப்போவது அந்த நான்காவது பாடத்தைத்தான்.